ரொறன்ரோவில் 60 டொலர் வாகன வரி திரும்பி வந்தால் காசு ரீரீசிக்குப் போகுமா?

பிறிம்லி_லோறன்ஸ் கேட்டது:

நகரசபை வரவுசெலவுக் கதை தொடங்கினாலே ஒரு பக்கம் "வாகன வரியைத் திரும்பக் கொண்டு வா" என்கிறது, மறுபக்கம் "வீட்டு வரியே தாங்கேலாமல் கிடக்கு, இதுவுமா?" என்கிறது. இரண்டு பக்கத்திலும் கணக்கோடு பேசுகிறவர்கள் குறைவு. விசயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

2008இல் அந்த வரியை எப்படி அறவிட்டார்கள்? எவ்வளவு வந்தது? அதில் ரீரீசிக்கு (நகரத்தின் பஸ், சப்வே நடத்தும் அமைப்பு) ஏதும் போனதா?

இலக்கத்தகட்டு ஸ்டிக்கரே ஒழிந்துபோன இந்தக் காலத்தில் யார், எந்தக் கவுண்டரில் வாங்குவது?

அதே காசை வீட்டு வரியில் எடுத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்?

கட்சிச் சண்டை வேண்டாம். ஃபோர்ட் குடும்பத்தை (மேயராக இருந்த றொப், மாகாண முதல்வர் டக்) திட்டுவதற்கும் புகழ்வதற்கும் வேறு திரிகள் இருக்கின்றன.

---

கணக்குப்பிள்ளை:

முதலில் கால வரிசை. 2006ஆம் ஆண்டின் ரொறன்ரோ நகரச் சட்டம் 2007 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. ஒன்ராறியோவில் வேறெந்த நகரத்துக்கும் இல்லாத வரி போடும் அதிகாரம் அதன்மூலம் ரொறன்ரோவுக்குக் கிடைத்தது. மேயர் டேவிட் மில்லர் அந்த அதிகாரத்தில் இரண்டு வரிகளைக் கொண்டுவந்தார். ஒன்று வீடு வாங்கும்போது கட்டும் நில மாற்று வரி, மற்றது தனியார் வாகன வரி. 2007 ஜூலையில் சபை 23க்கு 22 என்ற வாக்கில் முடிவைத் தள்ளிப்போட்டது. அந்தக் கோடையில் சிக்கன நடவடிக்கைப் பட்டியலில் ஷெப்பர்ட் சப்வேயை மூடுவதுகூட இருந்தது. ஒக்ரோபர் 22இல் இரண்டு வரிகளும் நிறைவேறின.

வாகன வரி 2008 செப்டெம்பர் 1இல் தொடங்கியது. காருக்கு ஆண்டுக்கு 60 டொலர், மோட்டார் சைக்கிளுக்கும் மொப்பெட்டுக்கும் 30. சொந்தப் பாவனை வாகனங்களுக்கு மட்டும்தான். நகரசபை இதற்கென்று ஒரு கவுண்டர்கூடத் திறக்கவில்லை. பிறந்தநாளுக்கு முன் இலக்கத்தகட்டு ஸ்டிக்கரைப் புதுப்பிக்க மாகாணக் கவுண்டருக்குப் போவோமே, அங்கேயே பதிவு முகவரி ரொறன்ரோ என்றால் 60ஐச் சேர்த்து வாங்கினார்கள். அப்போது தென் ஒன்ராறியோவில் ஸ்டிக்கர் 74 டொலர். ஆக 134. இரண்டு வருடத்துக்குச் சேர்த்துப் புதுப்பித்தால் வரியும் இரட்டிப்பு. பிறந்தநாள் பரிசு என்று ஆக்கள் பகிடி விட்டதும் அதனால்தான்.

வருமானம் ஆண்டுக்குச் சுமார் 64 மில்லியன். 60ஆல் பிரித்தால் பத்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட வாகனங்கள். கணக்கு ஒத்துவருகிறது.

ரீரீசிக்குப் போனதா? நேரடியாக இல்லை. நகரத்தின் பொதுப் பெட்டிக்குத்தான் போனது. பொதுப் பெட்டியிலிருந்துதான் ரீரீசி மானியமும் போகிறது, எனவே "போகவில்லை" என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்த வரியால் ஓடுவது இந்த பஸ் என்று கைகாட்ட ஒன்றும் இல்லை. 2010 டிசம்பர் 16இல் 39க்கு 6 என்று சபை அதைத் தூக்கி எறிந்தபோது காப்பாற்ற யாரும் ஓடி வராததற்கு அது முக்கிய காரணம் என்பது என் கணிப்பு. 2011 ஜனவரி 1இலிருந்து வரி இல்லை. 2012 ஜனவரியில் ரீரீசிக் கட்டணம் 10 சதம் ஏறியது. ஒன்றுக்கு மற்றது நேரடிக் காரணம் என்று சொல்லமாட்டேன், அந்த இரண்டு வரவுசெலவுகளிலும் வேறு பல ஓட்டைகளும் இருந்தன.

இப்போது மூன்றாவது கேள்வி. இதுதான் எனக்குப் பிடித்த கணக்கு.

2025இல் வீட்டு வரி 6.9 வீதம் ஏறியது. சராசரி வீட்டுக்கு அது 268 டொலர். அப்படியென்றால் ஒரு வீதம் என்பது அந்த வீட்டுக்குக் கிட்டத்தட்ட 39 டொலர். நகரத்துக்கு ஒரு வீத உயர்வால் வருவது சுமார் 42 மில்லியன். பழைய வாகன வரி தந்த 64 மில்லியனை வீட்டு வரியில் எடுக்க ஒன்றரை வீதம் ஏற்ற வேண்டும். சராசரி வீட்டுக்கு அது ஏறத்தாழ 59 டொலர்.

அதாவது சொந்த வீடும் ஒரு காரும் உள்ள குடும்பத்துக்கு இரண்டு வழியும் ஒன்றுதான். வீடு இருக்கிறது, கார் இல்லை என்றால் வீட்டு வரி வழியில் 59 நட்டம். வீட்டு முற்றத்தில் மூன்று கார் நிற்கிறது என்றால் வாகன வரியில் 180, வீட்டு வரியில் அதே 59. வாடகைக்கு இருக்கிறவருக்கு வீட்டு வரி நேரே வராது, வாடகைக்குள் ஒளிந்து வரும். இப்போது இருக்கும் நிலையில் யார் யாருக்காகக் கட்டுகிறார்கள் என்று பார்த்தால், காரில்லாத வீட்டுக்காரர் மூன்று கார்க்காரருக்குக் கை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் தொகையின் அளவை மறக்க வேண்டாம். நகரம் ரீரீசிக்கு ஆண்டுதோறும் கொடுப்பது 2025இல் 1.4 பில்லியன் அளவில் நின்றது. 64 மில்லியன் அதில் ஐந்து வீதத்துக்கும் குறைவு. 2008இன் 60 டொலர் விலைவாசிப்படி இன்றைக்கு 85க்கு மேல். அதைப் போட்டாலும் 90 மில்லியனைச் சுற்றித்தான் நிற்கும். புதுச் சப்வே கட்டுகிற காசு இது இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வரவேண்டிய தெருவில் அதை உண்மையிலேயே வரவைக்கிற காசு, அவ்வளவுதான்.

---

நாலுசில்லு:

அண்ணை, கணக்கு சரி. ஆனா அந்தக் கணக்கு எல்லாக் காரையும் ஒண்டாப் பாக்குது. பதினைஞ்சு வருசம் ஓடின கொறொல்லாவுக்கும் 60, ஒண்டரை இலட்சம் டொலர் ஜீப்புக்கும் 60. விடிய நாலரைக்குத் தொழிற்சாலைக்குப் போறவனுக்கு கார் ஆடம்பரம் இல்லை. சப்வே ஓடத் தொடங்குறதே கிட்டத்தட்ட ஆறு மணிக்கு, ஞாயிறு எண்டா எட்டு மணிக்கு. அவனுக்கு இரவு பஸ்தான் கதி, ரெண்டு பஸ் மாறவேணும்.

ரெண்டாவது, ஸ்ரீல்ஸ் அவெனியூ. தெருவுக்குத் தெற்குப் பக்க வீடு ரொறன்ரோ, வடக்குப் பக்க வீடு மார்க்கம். ஒரே பஸ், ஒரே வெளிச்சம், ஒரே குழி. தெற்கு கட்டும், வடக்கு கட்டாது. வடக்கிலிருந்து காரிலை வந்து டவுண்டவுனிலை வேலை செய்யிறவன் ரொறன்ரோ றோட்டை முழுக்கப் பாவிச்சுப்போட்டு ஒரு சதமும் இல்லாமல் போவான். 2024 பெப்ரவரியிலை ஒரே கட்டணத் திட்டம் வந்தாப்பிறகு யோர்க் பஸ்ஸிலை இருந்து ரீரீசிக்கு மாறவும் அவனுக்கு மேலதிகக் காசு இல்லை. அது நல்ல திட்டம், குறை சொல்லேல்லை. ஆனா வரி எண்டு வரேக்கை எல்லைக்கோடு திடீரெண்டு முளைக்குது.

மூண்டாவது, "ரீரீசிக்கெண்டு ஒதுக்கினா எல்லாரும் சந்தோசமாக் கட்டுவினம்" எண்ட கதை. ஸ்காபரோவிலை இருந்து கொண்டு அதை நம்பேலாது. 2013இலை ஸ்காபரோ சப்வேக்கெண்டே வீட்டு வரியிலை தனி அறவீடு போட்டவை. 2014இலை 0.5, 2015இலை 0.5, 2016இலை 0.6, மொத்தம் 1.6 வீதம். நகரம் முழுக்கக் கட்டினது. பிறகு திட்டத்தை மாகாணம் எடுத்துக்கொண்டு போட்டுது. மூண்டு நிலையம், 7.8 கிலோமீற்றர், இன்னும் கட்டுப்படுது. இடையிலை 2023 ஜூலை 24இலை பழைய ஸ்காபரோ ஆர்.ரீ. ரயில் தடம் புரண்டு, அதோடை அந்தப் பாதையும் மூடுப்பட்டுது. ஒதுக்கீடும் இருந்தது, வரியும் இருந்தது, ரயில் மட்டும் இல்லை.

வரி வேண்டாம் எண்டு சொல்லேல்லை. இந்த மூண்டுக்கும் பதில் சொல்லிப்போட்டுக் கேளுங்கோ.

---

உட்பிரிவு267:

இரண்டாவது கேள்வியை ஒருவரும் தொடவில்லை. உண்மையில் அதுதான் முழு விசயமும். 60ஆ 120ஆ என்பது பிறகு.

கனடாவின் அரசியலமைப்புப்படி மாகாணம் நேரடி வரி மட்டுமே போடலாம். மாகாணம் பெற்ற பிள்ளைதான் நகரம், ஆகவே நகரமும் அப்படித்தான். நகரச் சட்டத்தின் 267ஆம் பிரிவு வரி போடும் பொது அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, கீழே கூடாதவற்றின் நீண்ட பட்டியலையும் வைத்திருக்கிறது. வருமான வரி கூடாது, பொது விற்பனை வரி கூடாது, எரிபொருள் வரியும் கூடாது. வாகனப் பதிவுக்காரர் மீதான தனிவரி அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நாளைக்கே உபவிதி நிறைவேற்றலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை. சட்டத்தில் இடம் இருக்கிறது. அறவிடத்தான் வழி இல்லை.

2022 மார்ச் 13இல் ஒன்ராறியோ ஸ்டிக்கர் கட்டணத்தை ஒழித்தது. அப்போது தென் பகுதியில் அது 120 டொலர். மாகாணத்துக்கு ஆண்டுக்குச் சுமார் ஒரு பில்லியன் இழப்பு. ஆனாலும் புதுப்பித்தல் என்ற சடங்கு இருந்தது, காசில்லாமல் போய்ப் புதுப்பிக்க வேண்டும். மறந்துபோய்ப் பொலிசிடம் பிடிபட்டவர்கள் ஏராளம். 2024 ஜூலை 1இலிருந்து அதுவும் தானாகவே நடக்கிறது. காப்புறுதி செல்லுபடியாக இருந்து, கட்டாத தண்டப்பணமும் 407 நெடுஞ்சாலையின் சுங்கப் பாக்கியும் இல்லாவிட்டால் தகடு தன்பாட்டில் புதுப்பிக்கப்படும். 2008இல் 60 டொலரை ஏற்றிவிட ஒரு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு வண்டியே இல்லை.

நகரம் தானே அனுப்பி வாங்கலாம் என்கிறவர்கள் இந்த வரிசையில் யோசியுங்கள். முதலில் பதிவு விபரம் வேண்டும். அது மாகாணப் போக்குவரத்து அமைச்சிடம் இருக்கிறது, உடன்படிக்கை இல்லாமல் கிடைக்காது. ஒன்ராறியோவில் பதிவுப் பத்திரத்துக்கு வாகனப் பகுதி, தகட்டுப் பகுதி என்று இரண்டு துண்டு உண்டு. லீஸ் கார் என்றால் வாகனம் லீஸ் கொடுத்த நிறுவனத்தின் பெயரில், தகடு ஓட்டுகிறவர் பெயரில். உபவிதியில் எந்தத் துண்டைப் பிடிப்பது என்று தெளிவாக எழுதாவிட்டால் முதல் மாதமே வழக்கு வரும். பிறகு பத்து இலட்சம் கடிதம், முகவரி மாறித் திரும்பி வருகிறவை வேறு. அதற்குப் பிறகுதான் பெரிய கேள்வி: கட்டாதவரை என்ன செய்வது? வீட்டு வரிப் பாக்கி நிலத்தில் ஏறிவிடும், வீட்டை விற்கும்போதாவது பிடிபடும். ரொறன்ரோவில் கிட்டத்தட்டப் பாதிக் குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன, அவர்கள் காருக்கு எந்த நிலத்தில் ஏற்றுவது? தகடு புதுப்பிப்பதை மறுக்கலாம், வாகனத் தரிப்பிடத் தண்டத்துக்கு அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் ஒன்றைச் சேர்க்கும் பேனா மாகாணத்தின் கையில். அது இல்லாமல் 60 டொலருக்காக ஒவ்வொருவரையும் துரத்தினால் துரத்துகிற செலவு வரியைத் தின்றுவிடும்.

நில மாற்று வரி அதே நாளில் நிறைவேறியது, அதைவிடப் பல மடங்கு பெரியது, றொப் ஃபோர்ட் அதையும் எடுப்பேன் என்றுதான் சொன்னார். இன்றைக்கும் நிற்கிறது. அதுவும் மாகாணத்தின் நிலப் பதிவு முறை வழியேதான் அறவிடப்படுகிறது. வித்தியாசம் என்னவென்றால் மாகாணம் தன் நில மாற்று வரியைக் கைவிடவில்லை. தன் காசு வருகிற வாசலை யாரும் பூட்டுவதில்லை.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. வன்கூவரின் போக்குவரத்து அமைப்பான ட்ரான்ஸ்லிங்க் 2000இல் வாகன அறவீட்டை நிறைவேற்றியது. அறவிட வேண்டிய பொறி மாகாணத்தின் வாகனக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம். மாகாண அரசு அறவிட மாட்டோம் என்று 2001 தொடக்கத்தில் சொன்னது. அவ்வளவுதான், ஒரு டொலர்கூட வராமலே வரி செத்தது.

சுங்கத்தைப் பற்றியும் யாராவது கேட்பீர்கள் என்பதால்: 2016 டிசம்பரில் மேயர் ஜோன் ரோறி கொண்டுவந்த டொன் வலி, கார்டினர் விரைவுவீதிகளுக்கான சுங்கத் திட்டம் 2 டொலர் வீதம் ஆண்டுக்கு 200 மில்லியன் தரும் என்று மதிப்பிடப்பட்டது. சுங்கத்துக்கு மாகாண ஒழுங்குவிதி தேவை. 2017 ஜனவரியில் அப்போதைய மாகாண முதல்வர் கத்லீன் வின் மறுத்தார். பதிலுக்கு நகரங்களுக்கான எரிபொருள் வரிப் பங்கை லீற்றருக்கு 2 சதத்திலிருந்து 4 சதமாக்குவதாகச் சொன்னார். 2019இல் டக் ஃபோர்ட் அரசு அந்த இரட்டிப்பை நிறுத்தியது, ரீரீசியின் மதிப்பில் பத்து ஆண்டுகளில் 1.1 பில்லியன் போனது. 2023 நவம்பர் உடன்படிக்கையில் இரண்டு வீதிகளையும் பொறுப்பேற்க மாகாணம் ஒப்புக்கொண்டது. பராமரிப்புச் செலவு நகரத்தின் தலையிலிருந்து இறங்குவது நல்லதுதான். கூடவே 2024இல் மாகாண நெடுஞ்சாலைகளில் புதிதாகச் சுங்கம் போடக்கூடாது என்று சட்டமும் வந்தது. அந்தக் கதவும் சாத்தியாயிற்று.

---

ரோஸ்மொன்ற்:

மொன்றியலிலிருந்து எழுதுகிறேன். மேலே சொன்ன "வண்டி" இங்கே எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் வித்தியாசம் புரியும்.

கியூபெக்கில் வாகனப் பதிவைப் பார்ப்பது எஸ்.ஏ.ஏ.கியூ. என்ற மாகாண நிறுவனம். ஆண்டுக்கொருமுறை பதிவுக் கட்டணக் கடிதம் வரும். அதில் 1992இலிருந்து பொதுப் போக்குவரத்துக்கென்று 30 டொலர் இருக்கிறது, பெருநகரப் பகுதிகளில் வசிக்கும் கார்க்காரருக்கு மட்டும். 2011இல் மொன்றியல் தீவு அதன்மேல் 45 போட்டது. 2024 ஜனவரியில் பெருநகரச் சமூகம் என்ற கூட்டுச் சபை, அந்த 45க்குப் பதிலாக, 82 நகராட்சிகளுக்கும் சேர்த்து 59 டொலர் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் அது 150 ஆகியது. பழைய 30ஐயும் கூட்டினால் பஸ்ஸுக்கும் மெற்றோவுக்குமாக ஒரு கார் 2025இல் 180 கொடுத்தது.

நாலுசில்லு சொன்ன ஸ்ரீல்ஸ் பிரச்சினைக்கு விடை இந்த 82இல் இருக்கிறது. எல்லைக்கோட்டை நகரத்தின் விளிம்பில் போடாமல் ஆக்கள் வேலைக்குப் போய்வருகிற பரப்பின் விளிம்பில் போட்டார்கள். லவாலும் லொங்கேயும் பிறோசாரும் கட்டுகின்றன. ரொறன்ரோவில் இதற்குச் சமமாக மார்க்கம், வோன், பிக்கெரிங், மிசிசாகா எல்லாம் கட்ட வேண்டும். ஆனால் வரி போடும் அதிகாரமுள்ள பெருநகரச் சபை அங்கே இல்லையே. மெற்றோலிங்ஸ் மாகாணத்தின் போக்குவரத்து அமைப்பு, தானாக வரி போட முடியாது. 2013இல் அது ஒரு பட்டியல் கொடுத்தது. விற்பனை வரியில் ஒரு வீதப்புள்ளி, பெற்றோலுக்கு லீற்றருக்கு 5 சதம், வணிகத் தரிப்பிட அறவீடு, அபிவிருத்திக் கட்டண உயர்வு, எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 2 பில்லியன். அலுமாரியில் கிடக்கிறது.

இங்கே பிழை போகிற இடங்களையும் சொல்ல வேண்டும். வெளிவட்டத்து ஊர்களில் கோபம் அதிகம். வீட்டு வாசலில் பஸ் இல்லை, கடிதத்தில் 150 மட்டும் இருக்கிறது. காசு முழுப் பகுதிக்குமான போக்குவரத்து அதிகாரசபைக்குப் போய் அங்கிருந்து பிரிகிறது, அதில் பெரும்பங்கு ஏற்கெனவே ஓடுகிற மெற்றோவையும் பஸ்ஸையும் நிறுத்தாமல் வைத்திருக்கவே சரியாகிவிடுகிறது. ஆகவே 59லிருந்து 150க்கு ஏறியபோது புதிதாக ஒன்றும் கண்ணில் படவில்லை. சேவை வெட்டாமல் இருந்தது என்பதை யாருக்கும் படம்பிடித்துக் காட்ட முடியாது. வரி கட்டுகிறவருக்கு அது பெரிய ஏமாற்றம். கொரோனாவுக்குப் பிறகு பயணிகள் குறைந்த எல்லா நகரத்திலும் இதே சிக்கல்தான்.

---

தரிப்பிடம்:

உட்பிரிவு267 சொன்னதை நூறு வீதம் ஏற்கிறேன், அதனால்தான் காரை விட்டுவிட்டுத் தரிப்பிடத்தைப் பிடிக்கச் சொல்கிறேன். கார் நகரும், பதிவு முகவரி மாறும், மார்க்கத்தில் இருக்கிற மச்சான் பெயருக்குப் போய்விடும். (60 டொலருக்காக மாற்றமாட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? வாகனக் காப்புறுதிக்காக முகவரி மாற்றுகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.) தார் போட்டுக் கோடு கீறிய நிலம் எங்கும் போகாது. அது வீட்டு வரிப் பட்டியலிலேயே இருக்கிறது, பாக்கி விழுந்தால் நிலத்தில் ஏறும், மாகாணக் கவுண்டர் தேவையில்லை.

இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் 2012 ஏப்ரலில் வேலைத்தலத் தரிப்பிட அறவீட்டைத் தொடங்கியது. 11 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்கள் வைத்திருக்கும் வேலைகொள்வோர் ஒவ்வொரு இடத்துக்கும் கட்ட வேண்டும், முதல் ஆண்டில் இடத்துக்கு 288 பவுண். அந்தக் காசு போக்குவரத்துக்கே செலவாக வேண்டும் என்பது நாட்டுச் சட்டம். அதைக் காட்டிக் கடன் எடுத்து ட்ராம் பாதையை நீட்டினார்கள், 2015 ஓகஸ்டில் இரண்டு புதிய தடங்கள் ஓடத் தொடங்கின. கட்டத் தொடங்கி மூன்றரை வருடத்தில் ட்ராம் கண்முன் போகிறது. சிட்னியில் 1992இலிருந்து தரிப்பிட அறவீடு இருக்கிறது. மொன்றியல் டவுண்டவுனிலும் 2010இலிருந்து உண்டு. ரோஸ்மொன்ற் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

ரொறன்ரோவில் கெட்டுப்போகக்கூடிய இடம் எண்ணிக்கை. எத்தனை இடம், எங்கே, யாருடையது என்ற பதிவேடு முதலில் வேண்டும். கோடு கீறாத சரளைக்கல் வளவில் எத்தனை இடம் என்று யார் சொல்வது? பரப்பளவை வைத்துப் போட்டால் வழக்குக் குறையும். அடுத்தது, கடைத்தொகுதிக்காரர் அதைக் கடைக்காரர் வாடகையில் ஏற்றுவார். லோறன்ஸ் கிழக்கிலோ எக்ளின்ரனிலோ நாலு கடை சேர்ந்த சின்னத் தொகுதியில் புடவைக்கடையும் மரக்கறிக்கடையும் நடத்துகிறவர் தலையில்தான் விடியும். அதற்குத்தான் முதல் 20 அல்லது 30 இடத்துக்கு விலக்கு வைக்க வேண்டும், பெரிய மோலுக்கு விலக்கில்லை.

---

நாலுசில்லு:

சின்னக் கடையளுக்கு விலக்கு எண்டா நான் எதிர்க்கேல்லை. ஆனா "ஒதுக்கீடு" கதைக்கு இன்னும் பதில் வரேல்லை. நொட்டிங்ஹாமிலை நாட்டுச் சட்டம் பிடிச்சு வைச்சிருக்கு. இங்கை என்ன பிடிச்சு வைச்சிருக்கும்?

---

உட்பிரிவு267:

நியாயமான கேள்வி. நகரத்தால் செய்யக்கூடியது, மாநகரச் சட்டக்கோவையின் 227ஆம் அத்தியாயத்தின் கீழ் ஒதுக்கு நிதி ஒன்றை உருவாக்கி, "இந்த வரி இதற்கு மட்டும்" என்று எழுதுவது. ஆனால் சபை எழுதியதைச் சபையே சாதாரணப் பெரும்பான்மையால் அழிக்கலாம். மாகாணச் சட்டம் தரும் பூட்டு இதற்கு இல்லை.

அதைவிட மோசமானது பதிலீடு. புது வரியில் 64 மில்லியன் ரீரீசி நிதிக்குப் போகும், அதே ஆண்டில் பொதுப் பெட்டியிலிருந்து ரீரீசிக்குப் போகும் மானியம் சத்தமில்லாமல் 64 குறையும். காகிதத்தில் ஒதுக்கீடு பக்காவாக இருக்கும், பஸ் ஒன்றும் கூடியிருக்காது. கண்டுபிடிக்க வழி உண்டு. ரீரீசி வரவுசெலவில் இரண்டு இலக்கங்களை அடுத்தடுத்த ஆண்டுக்கு ஒப்பிடுங்கள்: நகரத்தின் மொத்த நிதியளிப்பு, திட்டமிட்ட சேவை மணித்தியாலங்கள். நிதியளிப்பு ஏறி மணித்தியாலம் ஏறாவிட்டால் சம்பளமும் எரிபொருளும் பராமரிப்பும் தின்றிருக்கிறது. புதிய நிதிக்குக் காசு வந்தும் மொத்த நிதியளிப்பு அசையவில்லை என்றால் பதிலீடு நடந்திருக்கிறது. மானியத்தின் அடிமட்டத்தை உபவிதியிலேயே எழுதச் சொல்லலாம், விலைவாசியோடு ஏறும்படி. அரசியல்வாதிகளுக்கு அது பிடிக்காது, ஏனென்றால் அது அவர்கள் கையைத்தான் கட்டும்.

---

பிறிம்லி_லோறன்ஸ்:

எல்லாருக்கும் நன்றி, நான் நினைத்ததைவிடக் கூடவே கிடைத்துவிட்டது. கடைசியாக ஒன்று. வரவுசெலவு நேரத்தில் போய்ப் பேசுவதென்றால் எப்போது போனால் பிரயோசனம்? மேயருக்குக் கூடின அதிகாரம் வந்தபிறகு கவுன்சிலரிடம் பேசி என்ன?

---

கணக்குப்பிள்ளை:

மேயர் தன் வரவுசெலவைப் பெப்ரவரி 1க்குள் வைக்க வேண்டும். அதன்பிறகு சபைக்குத் திருத்தம் கொண்டுவர 30 நாள், மேயர் அதை ரத்துச் செய்ய 10 நாள், ரத்தை மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் சபை மீற 15 நாள். ஆகவே பெப்ரவரியில் பேசினால் ரயில் போய்விட்டது. ஜனவரியில் வரவுசெலவுக் குழு பொதுமக்களைக் கேட்கும் நாட்கள் உண்டு. நகர எழுதுவினைஞர் அலுவலகத்தில் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். சில நிமிடம்தான் தருவார்கள், எழுத்திலும் கொடுக்கலாம். ஸ்காபரோ அமர்வு ஒன்று வழமையாக இருக்கும்.

அங்கே போய் "வாகன வரியைக் கொண்டு வா" என்று கேட்டால், மாகாணம் அறவிடாது என்று ஒரு வசனத்தில் முடித்துவிடுவார்கள். தரிப்பிட இடங்களின் பதிவேட்டை எண்ணி முடிக்க எவ்வளவு காலம், எவ்வளவு செலவு என்று ஊழியர் அறிக்கை கேளுங்கள். அறிக்கை கேட்பது சின்ன விசயம், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். இலக்கம் ஒருமுறை காகிதத்தில் வந்துவிட்டால் பிறகு வரும் ஒவ்வொரு வரவுசெலவிலும் அதை எடுத்துக் காட்டலாம். கவுன்சிலரிடம் போவது அதற்குத்தான், திருத்தத்தை அவர்தான் முன்மொழிய வேண்டும். டிசம்பர் முதல் கிழமைக்குள் போங்கள், நத்தார் லீவுக்குப் பிறகு அவர்களுக்கு நேரமே இராது.